காசு கொடுத்து வாங்கிய பாட்டு என் அம்மாவின் கைபேசியில் ஏன் பாடவில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாடல்களைத் திருட்டுத்தனமாக இறக்கிக் கேட்பது குற்றம், காசு கொடுத்து முறையாக வாங்கிக் கேட்பதே கலைஞர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் தங்கள் பகுதியில் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் முறையாக வாங்க வருகிறவனுக்கு விற்கிறவர்கள் எதைக் கையில் கொடுக்கிறார்கள், அது எந்தக் கருவியில் பாடும், எத்தனை நாள் பாடும் என்ற கேள்விகளை அவர் தொடவே இல்லை. அவற்றைப் பற்றியே இந்தக் கடிதம். சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

இதைப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் கேட்கலாம். 1983 முதல் 2004 வரை கும்பகோணம் பெரிய கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் ரெக்கார்டிங் சென்டர் நடத்திப் பிழைத்தவன் நான். கோடு போட்ட நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, வெற்று கேசட்டோடு கொண்டுவந்து கொடுப்பார்கள். அறுபது நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, தொண்ணூறு நிமிடம் என்றால் பத்து என்று கணக்குப் போட்டு, இரட்டை டெக்கில் பதிந்து மறுநாள் மாலை கொடுப்பேன். அந்த வருமானத்தில் இசையமைத்தவருக்கோ பாடியவருக்கோ எழுதியவருக்கோ ஒரு காசு போனதில்லை. அன்று அது எனக்கு உறுத்தவும் இல்லை. இன்று உறுத்துகிறது என்பதால்தான், பணி ஓய்வு போலக் கடையை மூடிய பிறகு, கேட்கிற பாட்டுக்குக் காசு கொடுத்துவிடுவது என்று ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டேன். அந்த வைராக்கியம் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

சந்தா கட்டினால் லட்சக்கணக்கான பாடல்களை விளம்பரம் இல்லாமல் கேட்கலாம், பிடித்ததைப் பதிவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்த ஒரு செயலிக்கு ஓராண்டுச் சந்தாவை முழுதாகக் கட்டினேன். செயலியின் பெயர் இங்கே முக்கியமில்லை. கீழ்நோக்கிய அம்புக்குறியை ஒவ்வொரு பாட்டாக அழுத்தி, பழைய பாடல்களில் எனக்கு உயிரான இருநூற்றுச் சொச்சத்தை இறக்கினேன். அடுத்த ஆண்டு ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். மருமகனின் காரில் என் கைபேசியைப் புளூடூத்தில் இணைத்து அடிவாரத்திலிருந்து பாட்டுப் போட்டுக்கொண்டு போனவர்கள், எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டவில்லை, பாட்டு நின்றுவிட்டது. சந்தாவைச் சரிபார்க்க இணையத்தில் இணையுங்கள் என்று திரையில் ஒரு வரி. மலையில் சிக்னல் ஏது? வங்கி அட்டை மாறியதால் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படாமல் முதல்நாள் இரவே முடிந்துபோயிருந்தது என்பது கீழே இறங்கிய பிறகுதான் தெரிந்தது. இருநூறு பாட்டும் பட்டியலில் சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தன, ஒன்றையும் தொட முடியவில்லை.

சந்தா முடிந்தால் சேவை நிற்பது நியாயம்தான், அதற்கு நான் வழக்காட வரவில்லை. வாடகை கட்டாதவன் வீட்டில் குடியிருக்க முடியாது. என் வருத்தம் அம்புக்குறியின் கீழே இருந்த ‘பதிவிறக்கம்’ என்ற சொல்லைப் பற்றியது. ஊருக்குத் திரும்பிச் சந்தாவைப் புதுப்பித்த பிறகு, என் தொழில் புத்தி சும்மா இருக்குமா, அந்தப் பாடல்கள் கைபேசியில் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்த்தேன். செயலிக்கென்று இருந்த கோப்புறைக்குள் எழுத்தும் எண்ணுமாக நீண்ட பெயர்களோடு கோப்புகள் வரிசையாகக் கிடந்தன. எது எந்தப் பாட்டு என்று தெரியவில்லை, எந்தப் பிளேயரிலும் திறக்கவும் இல்லை. என் கைபேசியின் இடத்தை அடைத்துக்கொண்டு, என் மின்சாரத்தில், என் இணையக் கட்டணத்தில் வந்து இறங்கியவை அவை, ஆனால் என்னுடையவை அல்ல.

வீட்டில் அம்மாவுக்கு வயது 86. பொத்தான் வைத்த சாதாரணக் கைபேசிதான் அவருக்குப் பழக்கம். அதில் ஒரு மெமரி கார்டு போடலாம், எம்.பி.3 பாடும், ஒலியும் கணீரென்று இருக்கும். விடியற்காலையில் அவர் கேட்கும் நாற்பது பக்திப் பாடல்களை, நான் காசு கட்டி இறக்கிய அதே பாடல்களை, அந்தக் கார்டில் ஏற்ற வழியில்லை. கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் பையனிடம் போய், இதற்கு ஏதாவது உபாயம் உண்டா என்று கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சார், இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கஷ்டப்படுறீங்க? நூறு ரூபா குடுங்க, ஆயிரம் பாட்டு ஏத்தித் தரேன்” என்றான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் பேசிய பேச்சு அது. மறைக்க விரும்பவில்லை, நூறு ரூபாயைக் கொடுத்து ஏற்றிக்கொண்டுதான் வந்தேன். அந்தக் கார்டு அம்மாவின் கைபேசியில் பாடுகிறது, காரில் பாடுகிறது, பேரன் வைத்திருக்கும் சிறிய ஸ்பீக்கரில் பாடுகிறது. சந்தா கட்டி இறக்கியது ஒரே ஒரு கருவியில், அதுவும் சிக்னல் உள்ள ஊரில், தவணை தவறாத வரைக்கும் பாடுகிறது. விலை கொடுத்தவனுக்கு மட்டமான சரக்கும் கொடுக்காதவனுக்கு உசத்தியான சரக்கும் கிடைக்கிற ஒரு கடைவீதியில் எத்தனை பேர் விலை கொடுக்க நிற்பார்கள்?

இசை நிறுவனங்கள் பாட்டை நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டதற்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிந்தால் இரைச்சல் ஏறும். மூன்றாவது கைக்குப் போகும்போது குரல் மங்கிவிடும், ஆகவே திருட்டு நகலுக்கு இயற்கையாகவே ஓர் எல்லை இருந்தது. கணினிக் கோப்புக்கு அந்த எல்லை கிடையாது, ஆயிரமாவது நகலும் முதல் நகலைப் போலவே இருக்கும். 1999-ல் அமெரிக்காவில் நாப்ஸ்டர் வந்து, முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் கணினியில் உள்ள பாட்டை மற்றவர் எடுத்துக்கொள்ள வழிசெய்தபோது நிறுவனங்கள் அரண்டுபோனதில் வியப்பில்லை. நீதிமன்றம் போய் 2001-ல் அதை நிறுத்தினார்கள். இந்த நோய்க்கு அவர்கள் கையில் எடுத்த மருந்துதான் டி.ஆர்.எம். எனப்படும் நகல் தடுப்புப் பூட்டு. அந்த மருந்து நோயாளியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரைப் படுத்திய கதை, இன்றைய நம் நிலைமைக்கும் பொருந்துவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சிடியிலேயே பூட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட சில வட்டுகள் கார் பிளேயரிலும் கணினியிலும் பாட மறுத்தன. சிடியை உருவாக்கிய நிறுவனங்களில் ஒன்றான பிலிப்ஸே, இவை முறையான சிடிகள் அல்ல, இவற்றின்மேல் சிடி முத்திரையைப் போடக் கூடாது என்று சொல்ல நேர்ந்தது. 2002-ல் வந்த ஒரு பூட்டை, வட்டின் விளிம்பை ஒட்டி சாதாரண மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தே உடைத்துவிட்டார்கள். 2003-ல் வந்த இன்னொன்றை, வட்டைக் கணினியில் போடும்போது ஷிப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் போதும் என்று அமெரிக்காவில் ஒரு மாணவர் எழுதிக் காட்டினார். 2005-ல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், வட்டைக் கணினியில் போட்டவுடன் ஒரு மென்பொருள் தன்னைத்தானே கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு உட்காரும்படி செய்தது. மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் தம் கணினியில் அதைக் கண்டுபிடித்து, அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று அம்பலப்படுத்தினார். அந்த மறைவிடத்தில் வைரஸ்களும் ஒளிந்துகொள்ள முடிந்தது தெரியவந்ததும், நிறுவனம் வட்டுகளைத் திரும்பப் பெற்றது. கவனித்துப் பாருங்கள், பாட்டைத் திருடி இறக்கியவர் கணினிக்கு இந்தக் கெடுதல் வரவில்லை. கடைக்குப் போய்ப் பணம் கட்டி வட்டு வாங்கியவர் கணினிக்குத்தான் வந்தது.

இணையக் கடைகள் வேறு வழியில் போயின. 2003 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் கடையை இரண்டு லட்சம் பாடல்களோடு, ஒரு பாட்டு 99 சென்ட் என்று திறந்தது. அங்கே வாங்கிய பாட்டு ஃபேர்பிளே என்ற பூட்டோடு வந்தது. அதன் வேலைமுறை எளிதானது. பாட்டின் கோப்பு கலைத்துக் குழப்பிய நிலையில் இருக்கும், அதைப் பிரிக்கும் சாவி நிறுவனத்தின் சர்வரிலிருந்து உங்கள் கணக்குக்கு வரும், முதலில் மூன்று, பிறகு ஐந்து கணினிகளுக்கு மேல் அந்தச் சாவி கிடைக்காது. கையடக்கக் கருவிகளில் ஆப்பிளின் ஐபாடில் பாடும், வேறு நிறுவனத்தின் பிளேயரில் பாடாது. ஆனால் பாட்டை வெற்று சிடியில் பதிந்துகொள்ள அனுமதி உண்டு, அந்த சிடியைத் திரும்பக் கணினியில் ஏற்றினால் தரம் கொஞ்சம் குறைந்து, பூட்டே இல்லாத கோப்பு கிடைத்துவிடும். முன்வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

மறுபக்கம் மைக்ரோசாஃப்ட், தன் பூட்டைப் பல நிறுவனங்களின் பிளேயர்களும் பல கடைகளும் பயன்படுத்தலாம் என்று 2004-ல் ‘நிச்சயம் பாடும்’ என்று பொருள்படும் பிளேஸ்ஃபார்ஷ்யூர் முத்திரையைக் கொண்டுவந்தது. அந்தக் கடைகளில் வாங்கியது ஐபாடில் பாடாது, ஐடியூன்ஸில் வாங்கியது இந்தப் பிளேயர்களில் பாடாது. 2006-ல் மைக்ரோசாஃப்டே ஸூன் என்ற சொந்தப் பிளேயரை வெளியிட்டபோது, ‘நிச்சயம் பாடும்’ பாடல்கள் அந்த நிறுவனத்தின் சொந்தக் கருவியிலேயே பாடவில்லை. என் கடைக்கு வரும் எவரும், வீட்டில் இருப்பது எந்தக் கம்பெனி டேப் ரிக்கார்டர் என்று எனக்குச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. நான் பதிந்து கொடுத்த கேசட் ஜப்பான் செட்டிலும் பாடியது, உள்ளூரில் அசெம்பிள் செய்த செட்டிலும் பாடியது.

இதைவிடப் பெரிய அடி 2008-ல் விழுந்தது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் கடை அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. அங்கே வாங்கியவர்களுக்கு அந்த ஏப்ரலில் ஓர் அறிவிப்பு போனது: ஆகஸ்ட் 31-க்குப் பிறகு சாவி தரும் சர்வர் இயங்காது, அதன் பின் கணினியை மாற்றினாலோ இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினாலோ வாங்கிய பாடல்களைத் திறக்க முடியாது. எதிர்ப்பு கிளம்பியதால் 2011 வரை நீட்டித்தார்கள். அதே ஆண்டில் யாஹூவும், பிறகு வால்மார்ட்டும் இதேபோல் சாவிக் கடையை மூடப்போவதாக அறிவித்தன. யாஹூ வாடிக்கையாளருக்கு இழப்பீடு கொடுத்தது, வால்மார்ட் எதிர்ப்புக்குப் பணிந்து முடிவைத் தள்ளிப்போட்டது. பாட்டுக்கடை மூடினால் வீட்டில் இருக்கும் இசைத்தட்டு ஊமையாகும் என்று 1983-ல் என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

இந்தப் பூட்டின் பயனின்மையைச் சொன்னவர் ஒரு வாடிக்கையாளர் சங்கத் தலைவர் அல்ல, அதை விற்ற ஆப்பிளின் அன்றைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸே என்பதை இன்றைய நிறுவனங்களுக்கு நினைவூட்ட வேண்டும். 2007 பிப்ரவரி 6 அன்று அவர் வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தில் கணக்கு ஒன்றைக் கொடுத்தார். அதுவரை விற்ற ஐபாடுகள் 9 கோடி, ஐடியூன்ஸ் கடையில் விற்ற பாடல்கள் 200 கோடி, ஆகவே சராசரியாக ஒரு ஐபாடுக்கு 22 பாடல்கள்தான் பூட்டோடு வாங்கப்பட்டவை, மற்றவை எல்லாம் பூட்டில்லாதவை. 2006 என்ற ஓராண்டில் இணையத்தில் பூட்டோடு விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு என்றால், அதே இசை நிறுவனங்கள் சிடிகளில் பூட்டே இல்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் அதிகம். கூரையைப் பிரித்து வைத்துக்கொண்டு சன்னலுக்குக் கம்பி போடுவதில் என்ன பலன் என்பதே அவர் கேட்டதன் சாரம். ஐரோப்பாவில் நார்வே போன்ற நாடுகளின் நுகர்வோர் அமைப்புகள் அப்போது அவருக்குக் கொடுத்த நெருக்கடியும் அந்தக் கடிதத்துக்கு ஒரு காரணம் என்பதால், அவரைத் தியாகியாக்க வேண்டியதில்லை. எப்படியோ, அந்த ஏப்ரலிலேயே ஈஎம்ஐ என்ற இசை நிறுவனம் பூட்டில்லாமல் விற்க ஒப்புக்கொண்டது. அமேசான் எம்.பி.3 கடையைத் தொடங்கியது, 2008 ஜனவரிக்குள் நான்கு பெரிய இசை நிறுவனங்களும் அதில் பூட்டில்லாமல் விற்க இணங்கின. 2009 ஜனவரியில் ஐடியூன்ஸும் முழுவதுமாகப் பூட்டைக் கழற்றப்போவதாக அறிவித்தது. அதிலும் ஒரு விஷயம்: ஏற்கெனவே வாங்கிய பாட்டின் பூட்டைக் கழற்றிக்கொள்ள, பாட்டுக்கு 30 சென்ட் மேலும் கட்டச் சொன்னார்கள்!

பூட்டைக் கழற்றியதால் இசைத்தொழில் சாய்ந்துவிடவில்லை. ஆப்பிளின் கடை 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது பூட்டில்லாமல்தான் வந்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் ஃபிளிப்கார்ட் நிறுவனம் ஃபிளைட் என்ற பெயரில் எம்.பி.3 பாடல்களை விற்றதையும் பலர் மறந்திருப்பார்கள். ஒரு பாட்டு சில ரூபாய்தான், நானும் வாங்கினேன். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக நடத்திவிட்டு, 2013 நடுவில் அதை மூடிவிட்டார்கள். வாங்கியதை இறக்கிக்கொள்ளச் சில வாரம் அவகாசம் கொடுத்தார்கள், இறக்கிக்கொண்டேன். கடை போய்ப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. கணினி இரண்டு முறை மாறிவிட்டது, கைபேசி எத்தனை மாறியது என்று கணக்கில்லை, அந்தப் பாடல்கள் இன்றும் பென் டிரைவில் பாடுகின்றன. அம்மாவின் மெமரி கார்டில் முறையாக நான் ஏற்றியவை அவை மட்டும்தான். 2020-ல் கூகுள் தன் பிளே மியூசிக் சேவையை மூடியபோதும், காசு கொடுத்து வாங்கிய பாடல்களை இறக்கிக்கொள்ள அவகாசம் கொடுத்தது. கடை மூடுவது வணிகத்தில் சகஜம். எம்எஸ்என் வாடிக்கையாளரும் ஃபிளைட் வாடிக்கையாளரும் ஒரே மாதிரிதான் கடையை இழந்தார்கள், ஒருவர் பாட்டையும் சேர்த்து இழக்கும் நிலைக்கு வந்தார், மற்றவர் இழக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்தது அந்தப் பூட்டு ஒன்றுதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கோப்பின் வடிவம் வேறு, பூட்டு வேறு. ஆப்பிள் கடையில் வாங்கும் பாட்டு எம்.பி.3 அல்ல, ஏ.ஏ.சி. வடிவில் வரும். பழைய கார் பிளேயர் சில அதைப் படிக்காது. பாட்டு ஓடாதவுடன், ஏமாற்றிவிட்டார்கள் என்று என் நண்பர் ஒருவர் கோபப்பட்டார். பூட்டில்லாத கோப்பு என்பதால் கணினியில் ஐந்து நிமிடத்தில் எம்.பி.3 ஆக மாற்றிக் கொடுத்தேன், காரில் பாடியது. வடிவம் பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், பூட்டு இருந்தால் மாற்றவும் முடியாது. விற்கிறவர்கள் இந்த இரண்டையுமே பணம் கட்டும் முன் வாங்குகிறவரிடம் சொல்வதில்லை என்பது தனிக் குறை. ஊறுகாய் பாட்டிலில்கூட எடை, தயாரித்த தேதி, எத்தனை மாதம் தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறது.

பதிவிறக்கி வாங்கும் காலமே மலையேறிவிட்டது, எல்லாரும் செயலியில் கேட்கிறார்கள், பழங்கதை எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். செயலிகளுக்குள் ‘பதிவிறக்கம்’ என்ற பெயரில் மீண்டும் உட்கார்ந்திருப்பது அந்தப் பழைய பூட்டுதான். அவ்வப்போது இணையத்தில் இணைந்து சர்வரிடம் அனுமதி வாங்காவிட்டால் இறக்கிய பாட்டு பாடாது என்பது பெரும்பாலான செயலிகளின் நடைமுறை. 2024-ன் தொடக்கத்தில் ரெஸ்ஸோ செயலி இந்தியாவில் மூடப்பட்டது, அந்த ஆண்டிலேயே ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை நிறுத்துவதாக அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் அவற்றில் இறக்கியும் தொகுத்தும் வைத்திருந்தவர்கள் வேறொரு செயலிக்குப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வாடகை என்று தெரிந்து குடியேறியவர்கள் காலிசெய்யும்போது புலம்பக் கூடாதுதான், ஆனால் வாடகை என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது என்று வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ‘மீறும் நோக்கத்தோடு’ என்ற சொற்கள் அங்கே இருப்பது நம் சட்டத்தின் நிதானம். சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் திறப்பது அந்தத் தண்டனைக்குள் வராது என்றும் அதே பிரிவு சொல்கிறது. தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை 52-ஆம் பிரிவு ஏற்கிறது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இந்த அளவுக்குத் தாராளமாக இல்லை. ஆனால் 86 வயதுத் தாயாருக்காகப் பாட்டை மெமரி கார்டுக்கு மாற்றுவது குற்றமாகாமல் போகலாம் என்பதால் எனக்கு என்ன பயன்? மாற்றத் தெரியாது, தெரிந்த ஒருவர் எனக்கு உதவ வந்தால் என் பெயரும் முகவரியும் காரணமும் எழுதிய பதிவேடு ஒன்றை அவர் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. செல்போன் கடைப் பையன் எந்தப் பதிவேடும் வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே நான் கேட்பது பூட்டை உடைக்கும் உரிமையை அல்ல. விற்கிறவர்கள் நேர்மையாகப் பேச வேண்டும் என்பதைத்தான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2024-ல் நிறைவேறி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், பின்னால் பறித்துக்கொள்ளக்கூடிய உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு ‘வாங்குங்கள்’ என்ற சொல்லைப் பொத்தானில் போடக் கூடாது, போட்டால் இது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், அல்லது அதற்கு வாங்குகிறவரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. இணையம் இல்லாமலே என்றைக்கும் பயன்படுத்தும்படி இறக்கிக்கொள்ளக்கூடிய பொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை என்றும் விலக்களிக்கிறது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தவறான விளம்பரங்களைத் தடுக்க அதன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் இருக்கிறது. இணையத்தில் வாடிக்கையாளரைக் குழப்பி ஏமாற்றும் உத்திகள் என்று 13 வகைகளை 2023-ல் பட்டியலிட்டுத் தடைசெய்தார்கள். செயலியை விட்டு வெளியே வராத, சந்தா முடிந்தால் பாடாத ஒன்றுக்குப் ‘பதிவிறக்கம்’ என்று பெயரிடுவதையும் அந்த ஆணையம் எடுத்துப் பார்க்கலாமே. ‘இணையம் இல்லாமல் கேட்க, சந்தா உள்ள வரை’ என்று தமிழில் ஒரு வரி எழுதினால் யார் குடிமுழுகிவிடும்? விற்பனை என்று சொல்லி விற்பவர், எந்த வடிவில் தருகிறார், பூட்டு உண்டா, எத்தனை கருவிகளில் பாடும் என்பதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே சொல்லட்டும். கடையை மூடும்போது பூட்டைக் கழற்றிக் கொடுக்கட்டும், முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரட்டும்.

கேசட்டின் முதுகில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் இருந்தது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டின்மேல் யாரும் எதையும் பதிய முடியாது. மனம் மாறினால், உடைந்த இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டினால் மறுபடி பதியலாம். என் கடையில் கேசட்டைக் கையில் கொடுக்கும்போது, நாக்கை உடைக்கட்டுமா, அப்படியே இருக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். சிலர் உடைக்கச் சொல்வார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள்.

தங்கள் நாளிதழின் நுகர்வோர் பக்கத்துக்காகச் செய்தியாளர் ஒருவரை அனுப்பி, தமிழ்ப் பாடல்களை இணையத்தில் விற்கிற, வாடகைக்கு விடுகிற நிறுவனங்களிடம் மூன்றே கேள்விகளை நேரில் கேட்டு, பதில்களை அவரவர் பெயரோடு வெளியிடும்படி வேண்டுகிறேன். உங்களிடம் இறக்கும் பாட்டைப் பொத்தான் கைபேசியின் மெமரி கார்டில் ஏற்ற முடியுமா, சந்தா நின்றால் அது என்னவாகும், நீங்கள் கடையை மூடினால் அது என்னவாகும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
முன்னாள் ரெக்கார்டிங் சென்டர் உரிமையாளர்,
கும்பகோணம்.